மகா பேசிலும் கூட்டு வாழ்வின் ஒழுங்கும்

துறவு என்றவுடன் தனிமையே நம் நினைவுக்கு வருகிறது. உலகத்தை விட்டு விலகி, மனிதர் முகம் பாராது, தேவனோடு மட்டும் உறவாடி வாழ்வதே பக்தியின் உச்சநிலை என்னும் எண்ணம் எல்லாக் காலத்துக் கிறிஸ்தவர்களிடையேயும் ஓரளவு நிலவி வந்துள்ளது. நான்காம் நூற்றாண்டில் இவ்வெண்ணம் பெரிதும் வலுப்பெற்றிருந்தது. எகிப்து நாட்டு வனாந்தரத்தில் தனித்துத் தவம் செய்த அந்தோனியின் வரலாற்றை அலெக்சந்திரியாவின் பேராயர் அத்தனாசியு எழுதினார். அந்நூல் விரைவில் பல நாடுகளிலும் பரவி, எண்ணற்றோரைத் தனிமையை நாடச் செய்தது.

அதே காலத்தில் துறவு வாழ்வை நாடிப் புறப்பட்ட ஒருவர், தனிமையைச் சிறிது காலம் அனுபவித்துப் பார்த்தபின், அதைக் குறித்துக் கடினமான ஒரு வினாவை எழுப்பினார். நம் ஆண்டவர் தலையாய கட்டளைகளாகச் சுட்டியவை இரண்டு: தேவனிடத்தில் அன்புகூருதல், பிறனிடத்தில் அன்புகூருதல் (மத். 22:37-40). பிறன் என்று ஒருவனும் இல்லாத இடத்தில் இரண்டாவது கட்டளையை எவ்வாறு கைக்கொள்வது? இவ்வினாவை எழுப்பியவர் கப்பத்தோக்கியா நாட்டுச் செசரியாவின் பேராயரான பேசில். நிக்கேயா விசுவாசத்தைக் காத்தவர் என்றும், பரிசுத்த ஆவியானவரைக் குறித்து நூல் எழுதியவர் என்றும் இறையியல் மாணவர் அவரை அறிவர். கூட்டு வாழ்வைக் குறித்து அவர் வகுத்த ஒழுங்கோ நம்மிடையே அதிகம் படிக்கப்படுவதில்லை. அவ்வொழுங்கையும், அது பிறந்த வாழ்க்கையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. குடும்பமும் கல்வியும்

பேசில் ஏறக்குறைய 330ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய குடும்பம் கப்பத்தோக்கியாவிலும், வடக்கே கருங்கடலை அடுத்த பொந்து நாட்டிலும் நிலபுலன்கள் உடையது. செல்வத்தினும் மேலாக, பாடுகளைச் சகித்த விசுவாசத்தை அக்குடும்பம் தன் சொத்தாகக் கருதியது. பாட்டியார் மக்ரினாவும் அவர் கணவரும் உபத்திரவ காலத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பொந்து நாட்டுக் காடுகளில் ஒளிந்து வாழ்ந்தவர்கள். தந்தையார் சொற்கலை ஆசிரியர், தாயார் எம்மேலியா. பேசிலின் மூத்த சகோதரி பாட்டியாரின் பெயரையே பெற்ற மக்ரினா. நிசாவின் பேராயரான கிரகோரியும், செபஸ்தேயின் பேராயரான பேதுருவும் அவருடைய இளைய சகோதரர்கள்.

பேசில் செசரியாவிலும், கொன்ஸ்தாந்திநோப்பிளிலும், பின்பு அத்தேனே பட்டணத்திலும் கல்வி பயின்றார். நசியான்சு ஊரைச் சேர்ந்த கிரகோரியோடு அத்தேனேயில் அவருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. இருவரும் ஒன்றாகத் தங்கிப் படித்து, வருங்காலத்தில் தேவனுக்கென்று ஒன்றாக வாழ்வோம் என்று உறுதி பூண்டனர். ஏறக்குறைய 356ஆம் ஆண்டில் பேசில் ஊர் திரும்பினார்.

2. மனமாற்றம்

திரும்பி வந்த பேசில் தம் கல்வியைக் குறித்துப் பெருமிதம் கொண்டிருந்தார் என்றும், மக்ரினாவே அவரைக் கண்டித்துத் துறவு வாழ்வுக்குத் திருப்பினார் என்றும் தம்பி கிரகோரி தம் சகோதரியின் வரலாற்றில் கூறுகிறார். பல ஆண்டுகளுக்குப்பின் பேசில் தாமே எழுதிய ஒரு நிருபத்தில், நெடுந்தூக்கத்திலிருந்து விழித்தவர்போல் நற்செய்தியின் ஒளியைக் கண்டதாகச் சொல்கிறாரே அன்றி, சகோதரியின் பெயரை அங்குக் குறிப்பிடவில்லை. இன்று நமக்குக் கிடைத்துள்ள அவருடைய எழுத்துக்கள் எதிலும் அச்சகோதரியைப் பற்றிய பேச்சு இல்லை. இம்மௌனத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

அக்குடும்பத்தில் பேசிலுக்கு முன்னே துறவை மேற்கொண்டவர்கள் இருந்தனர். தம்பி நௌகிராத்தியு ஈரிஸ் ஆற்றங்கரைக் காட்டில் தனித்து வாழ்ந்தார். எனினும் அவர் தமக்காக மட்டும் வாழவில்லை. வறுமையிலும் நோயிலும் வாடிய முதியவர் சிலரைத் தாம் வேட்டையாடிக் கொணர்ந்த உணவால் பராமரித்தார். அவ்வேலையிலேயே இளம் வயதில் இறந்துபோனார். மக்ரினாவோ அன்னிசா என்னும் இடத்திலிருந்த குடும்பப் பண்ணை வீட்டைப் படிப்படியாக ஒரு துறவு இல்லமாக மாற்றினார். வீட்டு அடிமைப் பெண்கள் அங்குச் சகோதரிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டனர். தாயாரும் அவர்களும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே விதமான படுக்கையில் உறங்கினர்.

பேசில் எகிப்து, பாலஸ்தீனா, சீரியா, மெசொப்பொத்தாமியா ஆகிய நாடுகளில் பயணம் செய்து துறவிகளைக் கண்டார். பக்கோமியு நிறுவிய பெரிய கூட்டு மடங்கள் எகிப்தில் ஏற்கெனவே வளர்ந்திருந்தன. ஆகவே கூட்டு வாழ்வைத் தொடங்கிய முதல்வர் பேசில் அல்லர். அதற்குத் தெளிவான இறையியல் அடிப்படை அமைத்ததே அவருடைய பங்கு. ஞானஸ்நானம் பெற்று, தம் சொத்தில் பெரும் பகுதியைத் துறந்து, ஈரிஸ் ஆற்றங்கரையில் குடும்ப நிலத்தை அடுத்த ஓரிடத்தில் அவர் குடியேறினார்.

அங்கிருந்து நண்பர் கிரகோரிக்கு எழுதிய நிருபங்கள் இன்றும் உள்ளன. மலையும் காடும் நீர்வீழ்ச்சியும் சூழ்ந்த அவ்விடத்தின் அழகை ஒன்றில் வருணித்து அழைக்கிறார். வந்து தங்கிச் சென்ற கிரகோரியோ, ஒழுகும் கூரையையும் பல்லுக்கு அடங்காத ரொட்டியையும் நினைவூட்டிக் கேலியாக மறுமொழி எழுதினார். மற்றொரு நிருபத்தில் பேசில் வேறொரு உண்மையை ஒளிக்காமல் சொல்கிறார். நகரத்தை விட்டுவிட்டேன், என்னை நான் இன்னும் விட்டுவிடவில்லை என்பது அதன் கருத்து. கடற்பயணத்தில் குமட்டல் கொண்டவன் பெரிய கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறினாலும், அவன் பித்தம் அவனோடே வருகிறது என்று உவமை கூறுகிறார். தனிமை தன்னளவில் ஒருவனைத் தூய்மையாக்காது என்ற இந்த அனுபவமே அவருடைய பிற்கால ஒழுங்கின் விதையாகும்.

3. எச்சரிக்கையாக நின்ற ஒரு வரலாறு

சிறிய ஆசியாவில் துறவு இயக்கத்தைப் பரப்பியவர் பின்னர் செபஸ்தேயின் பேராயரான யூஸ்தாத்தியு. இளமையில் பேசில் அவரைத் தம் வழிகாட்டியாக மதித்தார். யூஸ்தாத்தியு ஏழைகளுக்கென விடுதி அமைத்தவர், எளிய வாழ்வினர். ஆயினும் அவரைப் பின்பற்றியோரில் சிலர் எல்லை கடந்தனர். நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கங்கிரா என்னுமிடத்தில் கூடிய சங்கம் அவர்கள்மேல் சாட்டிய குற்றங்கள் பல. திருமணத்தை இகழ்ந்தனர், மனைவியர் கணவரையும், பெற்றோர் பிள்ளைகளையும், அடிமைகள் எசமானரையும் விட்டு விலகத் தூண்டினர், மனைவியையுடைய குருவானவரின் கையினின்று திருவிருந்து பெற மறுத்தனர், சபையின் பொது ஆராதனையைத் தள்ளித் தனியே கூடினர் என்று அச்சங்கத்தின் தீர்மானங்கள் கூறுகின்றன.

பக்தி வைராக்கியம் சபையைப் பிளக்கும் அபாயத்தைப் பேசில் இதில் கண்டார். சபைக்கு வெளியே உயர்ந்தோர் கூட்டம் ஒன்றை அமைப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் நற்செய்தியின்படி முழுமையாக வாழ அழைக்கப்பட்டவரே என்பது அவர் கொள்கை. கூட்டாக வாழ்வோரை அவர் பெரும்பாலும் சகோதரர் என்றும் கிறிஸ்தவர் என்றுமே அழைத்தார். புதிய ஏற்பாட்டிலிருந்து ஏறத்தாழ 1500 வசனங்களைத் தொகுத்து, 80 தலைப்புகளின்கீழ் அவர் அமைத்த ஒழுக்கநெறி நூல் எல்லா விசுவாசிகளுக்கும் உரியது. அதன் இறுதிப் பகுதிகள் போதகரின் கடமைகளையும் கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், படைவீரர் முதலியோரின் கடமைகளையும் எடுத்துரைக்கின்றன.

4. வினாக்களிலிருந்து எழுந்த ஒழுங்கு

பேசிலின் ஒழுங்கு என்று நாம் குறிப்பிடுவது சட்டத் தொகுப்பாக எழுதப்பட்ட நூலன்று. அவர் சகோதர இல்லங்களுக்குச் செல்லும்போது அங்குள்ளோர் தங்கள் ஐயங்களைக் கேட்பர். அவர் திருமறையைக் கொண்டு விடையளிப்பார். இவ்வாறு திரண்ட வினா விடைகளே பிற்காலத்தில் விரிவான விடைகள் 55, சுருக்கமான விடைகள் 313 எனத் தொகுக்கப்பட்டன. இதற்கு முந்திய சிறிய தொகுப்பை ரூபினு என்பவர் 397ஆம் ஆண்டில் இலத்தீனில் மொழிபெயர்த்தார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் ஒழுங்கின் இறுதி அதிகாரத்தில், மேலும் படிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக நம் தந்தை பேசிலின் ஒழுங்கையும் குறிப்பிடுகிறார். கிழக்குத் திருச்சபைகளின் துறவு வாழ்வுக்கு இன்றளவும் பேசிலே ஆசானாக விளங்குகிறார்.

முதல் வினா, கட்டளைகளுக்குள் வரிசை உண்டா என்பதாகும். அதற்கு விடையாகப் பேசில் அன்பின் இரு கட்டளைகளையும் முன்வைக்கிறார். தேவ அன்பு வெளியிலிருந்து கற்பிக்கப்படுவதன்று. படைப்பிலேயே மனிதனுள் விதையாக இடப்பட்டது. கட்டளை அவ்விதையைப் பேணி வளர்க்கிறது என்கிறார். மனிதன் தனித்து வாழும் காட்டு விலங்கல்லன், கூடி வாழும் இயல்பினன் என்பதும் அவருடைய அடிப்படைக் கருத்தாகும்.

ஏழாம் விடையே இந்நூலின் இதயம் எனலாம். தனித்து வாழ்வதா, ஒத்த மனமுள்ளோருடன் கூடி வாழ்வதா என்னும் வினாவுக்கு அவர் அடுக்கும் காரணங்கள் நடைமுறை அறிவு நிரம்பியவை. ஒருவனும் தனக்கு வேண்டிய அனைத்தையும் தானே தேடிக்கொள்ள முடியாது. உடலின் தேவையே நம்மை ஒருவரோடொருவர் பிணைத்திருக்கிறது. தனித்திருப்பவன் தன் குற்றத்தைத் தானாக அறிவது அரிது. கண்டித்துத் திருத்த அவனுக்கு ஆள் இல்லை. ஆவியானவரின் வரங்கள் பலருக்குப் பலவாறு பகிர்ந்தளிக்கப்பட்டவை. தனித்திருப்பவனிடம் உள்ள வரம் புதைத்து வைத்த தாலந்தாகிவிடுகிறது. கூடி வாழ்பவனோ தன் வரத்தோடு பிறர் வரத்தின் பயனையும் பெறுகிறான். தாழ்மையையும் பொறுமையையும் வாயால் கற்பதில் பயன் இல்லை. நம் ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவினார் (யோவான் 13). தனித்திருப்பவன் யாருக்கு அவ்வாறு செய்வான்? யாருக்குக் கீழ்ப்பட்டுத் தன்னைக் கடையனாக்குவான்? எருசலேம் சபையின் பொதுவுடைமை வாழ்வை (அப். 2:44, 4:32) மாதிரியாகக் காட்டி அவர் அவ்விடையை முடிக்கிறார்.

5. அன்றாட வாழ்வின் ஒழுங்கு

இவ்வடிப்படையிலிருந்து உணவு, உடை, உழைப்பு, ஜெபம் ஆகிய அனைத்துக்கும் வழி வகுக்கப்படுகிறது. உணவு அவ்வூரில் எளிதில் கிடைப்பதாகவும் விலை குறைந்ததாகவும் இருக்கவேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு என்ற விதி இல்லை. வயது, உழைப்பு, உடல்நிலை ஆகியவற்றைக் கண்டு தலைவர் அளவை நிர்ணயிக்கவேண்டும். விருந்தினர் வந்தால் பந்தியைச் சிறப்பாக்க வேண்டுவதில்லை. வந்தவர் சகோதரரானால் தம் வீட்டுப் பந்தியையே இங்கும் காண்பார். உலகத்தாரானால் எளிமை இன்னதென்பதைச் சொல்லால் அன்றிச் செயலால் கற்றுக்கொள்வார்.

ஜெபத்துக்கு நேரங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஜெபத்தைச் சாக்காகக் கொண்டு வேலையைத் தட்டிக்கழிப்பதற்குப் பேசில் இடங்கொடுப்பதில்லை. கைகள் வேலை செய்யும்போதே நாவோ நெஞ்சமோ சங்கீதம் பாடலாம் என்கிறார். நெசவு, தோல் வேலை, கட்டட வேலை, தச்சு, கொல்லு, சிறப்பாக வேளாண்மை ஆகியன ஏற்ற தொழில்கள். ஆடம்பரத்துக்கு உதவும் பொருள்களைச் செய்யலாகாது. தொழிற்கருவிகளைத் தேவனுக்கென்று பிரதிஷ்டை செய்யப்பட்டவைகளாகப் பேணவேண்டும். உழைப்பின் நோக்கம் தன் தேவையை நிறைவு செய்வதன்று, இல்லாதவர்க்குக் கொடுப்பதே (எபே. 4:28). முறுமுறுத்துக்கொண்டு செய்யப்படும் வேலை காணிக்கையாக ஏற்றுக்கொள்ளத் தகாதது.

தலைவரைக் குறித்த விடைகள் ஆயர்களாகிய நம் கவனத்துக்குரியவை. தலைவர் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் தேவனிடம் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர். அவர் கண்டிக்கும்போது மருத்துவர் நோயாளியிடம் நடப்பதுபோல் நடக்கவேண்டும். சினத்துக்கு அங்கே இடமில்லை. தலைவரே தவறினால், வயதிலும் விவேகத்திலும் முதிர்ந்தோர் அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும். ஒரே ஊரில் இரண்டு சகோதர இல்லங்கள் வேண்டாம் என்பது மற்றொரு விடை. தகுதியான தலைவர் ஒருவர் கிடைப்பதே அரிது. இரண்டு இல்லங்கள் அமைந்தால் போட்டி எழும். ஐக்கியத்தைப் போதிப்போர் தங்களுக்குள்ளேயே பிரிந்து நிற்பதைக் கண்டு ஊரார் இடறலடைவர் என்பன அவர் கூறும் காரணங்கள்.

இல்லத்தில் அனாதைப் பிள்ளைகளும் வளர்க்கப்பட்டனர். அவர்கள் இல்லத்தார் அனைவருக்கும் பொதுவான பிள்ளைகள். திருமறைக் கதைகளையும் நீதிமொழிகளையும் கொண்டு அவர்களுக்குக் கற்பிக்கவேண்டும். பகுத்தறிவு முதிர்ந்தபின் அவர்கள் தாமே தீர்மானித்தாலன்றித் துறவு வாக்குறுதி பெறலாகாது. அவ்வாழ்வை விரும்பாதோர் சாட்சிகள் முன்னிலையில் அனுப்பி வைக்கப்படலாம்.

6. நகரத்தின் வாசலில்

ஒழுங்கின் உண்மை செசரியாவின் தெருக்களில் சோதிக்கப்பட்டது. பேசில் 362ஆம் ஆண்டளவில் குருவானவராக அபிஷேகம் பெற்றார். ஏறக்குறைய 369இல் கப்பத்தோக்கியாவைக் கொடிய பஞ்சம் வாட்டியது. கடலுக்குத் தொலைவான அந்நகருக்குத் தானியம் கொண்டுவருவது எளிதன்று. இருப்பு வைத்திருந்த செல்வரோ விலையேற்றத்துக்காகக் காத்திருந்தனர். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய ஐசுவரியவானின் உவமையை (லூக். 12) எடுத்துப் பேசில் பிரசங்கித்தார். தானியம் வாங்குவதற்காகத் தன் பிள்ளைகளில் எவனை விற்பது என்று கலங்கி நிற்கும் தகப்பன் ஒருவனை அப்பிரசங்கத்தில் கேட்போர் கண்முன் நிறுத்தினார். உபரியாகப் பூட்டி வைத்திருப்பது இல்லாதவனுக்குரியது என்பதே அவர் போதனையின் சாரம். பின்பு, பசித்தோரை ஓரிடத்தில் கூட்டி, நன்கொடை திரட்டி, கொப்பரைகளில் கஞ்சி காய்ச்சி, தாமே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறினார் என்று நசியான்சின் கிரகோரி தம் நினைவுரையில் கூறுகிறார். அன்னிசாவில் மக்ரினாவும், பஞ்சத்தில் வழியோரம் கைவிடப்பட்டுக் கிடந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்.

பேசில் 370இல் பேராயரானார். நகருக்கு வெளியே அவர் எழுப்பிய பெரிய இல்லம் பிற்காலத்தில் பசிலியாஸ் என்று அவர் பெயராலேயே வழங்கிற்று. அதைக் குறித்து ஆளுநர் எலியாவுக்கு அவர் எழுதிய நிருபத்தில் ஆராதனைக் கூடம், ஊழியர் குடியிருப்புகள், வழிப்போக்கருக்கும் நோயாளருக்கும் விடுதிகள், மருத்துவர், பணிவிடையாளர், பொதி விலங்குகள், தொழிற்கூடங்கள் ஆகியவை பேசப்படுகின்றன. எல்லாரும் விலக்கிய தொழுநோயாளருக்கு அங்கு இடம் கிடைத்தது. பேசில் அவர்களைச் சகோதரராக முத்தமிட்டார். கிரகோரி அதனை ஒரு புதிய நகரம் என்று அழைத்தார். மருத்துவம் தேவன் அருளிய கலை, அதைப் பயன்படுத்துவது விசுவாசக் குறைவன்று என்பதே விரிவான விடைகளில் இறுதியான 55ஆம் விடையின் பொருளாக அமைந்திருப்பது பொருத்தமே. வாழ்நாளெல்லாம் நோயாளியாயிருந்தவரின் சொல் அது.

7. ஒழுங்கும் அதை எழுதியவரும்

இவ்வளவு கூறியபின் குறைகளை மறைப்பது வரலாற்று நேர்மையாகாது. பேரரசர் வாலென்ஸ் ஆரியுவின் கூட்டத்தாரை ஆதரித்த அக்காலத்தில், கப்பத்தோக்கியா இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, பேசில் தம் அதிகாரம் குறையாதபடி புதிய பேராயர்களை நியமித்தார். ஏறக்குறைய 372இல் நண்பர் கிரகோரியைச் சசீமா என்னும் புழுதி நிறைந்த சந்திப்பு ஊருக்குப் பேராயராக்கினார். கிரகோரியின் விருப்பத்தை அவர் மதிக்கவில்லை. நண்பனைப் போர்க்கருவியாகப் பயன்படுத்தினார் என்ற வேதனை கிரகோரியை விட்டு நீங்கவேயில்லை. பேசிலைப் புகழ்ந்து ஆற்றிய நினைவுரையிலும் அது ஒலிக்கிறது. ஆசானாயிருந்த யூஸ்தாத்தியுவுடனும் ஆவியானவரைப் பற்றிய கோட்பாட்டுத் தகராறில் உறவு முறிந்தது. 375இல் அம்முறிவு வெளிப்படையாயிற்று.

அடிமைகளைக் குறித்த விடை நம் உள்ளத்தை உறுத்துகிறது. தப்பியோடி வந்த அடிமைக்குப் புத்தி சொல்லி எசமானிடமே திருப்பி அனுப்பவேண்டும் என்பது அவர் விதி. எசமான் தேவ கட்டளையை மீறச் செய்பவனாயிருந்தால் மட்டுமே விலக்கு. கங்கிராவின் எச்சரிக்கையும் அக்காலச் சட்டமும் அவரைக் கட்டியிருக்கலாம். எனினும் அவர் சகோதரியின் வீட்டில் அடிமைகள் ஏற்கெனவே சகோதரிகளாகியிருந்தனர். ஏட்டில் எழுதப்பட்ட ஒழுங்கைவிட, எழுதப்படாத அவ்வில்லத்தின் வாழ்வு நற்செய்திக்கு அருகில் நின்றது. பேசிலின் மௌனம் இங்கு நமக்குப் பேசுகிறது. சபைக்குக் கூட்டு வாழ்வைக் கற்பித்தோருள், நூல் எழுதாத மக்ரினாவையும் சேர்த்தே நாம் எண்ணவேண்டும்.

8. முடிவுரை

பேசில் 379ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐம்பது வயதை எட்டுமுன் காலமானார் என்பது மரபு. சீர்திருத்தத் திருச்சபைகளாகிய நாம் துறவு வாக்குறுதிகளை ஐயத்தோடு நோக்கி வந்துள்ளோம். துறவிகளின் நிலை மற்றக் கிறிஸ்தவரின் நிலையைவிட மேலானது என்ற போதனையை 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 27ஆம் பிரிவு மறுத்தது. பேசிலும் மணத்துறவு வாக்குறுதியை மீறக்கூடாத ஒன்றாகவே கருதினார் என்பதை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் அவர் ஒழுங்கின் வேர், சிலருக்கு மட்டும் உரிய ஆலோசனையில் இல்லை. எல்லாருக்கும் உரிய அன்பின் கட்டளையில் உள்ளது. அந்த வேர் நமக்கும் உரியது.

இறையியல் கல்லூரி விடுதியில் மூன்று நான்கு ஆண்டுகள் கூடி வாழ்ந்தபின், நம்மில் பலர் தனித்து ஊழியம் செய்யச் செல்கிறோம். பிரசங்க மேடையில் கண்டிப்போர் நாம். நம்மைக் கண்டிப்பவர் யார்? தாழ்மையைப் போதிப்போர் நாம். நம் குற்றத்தை நம் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமையை எந்த மூப்பருக்காவது, எந்தச் சக ஊழியருக்காவது கொடுத்திருக்கிறோமா? ஒரே ஊரில் இரண்டு இல்லங்கள் வேண்டாம் என்றவர், ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும் நம் ஆலயங்களைக் கண்டால் என்ன கூறுவார்? ஒழுங்கை எழுதியவரே தம் நண்பர் விஷயத்தில் அதற்குக் குறைந்துபோனார். அதனால் அவ்வொழுங்கு பொய்யாகிவிடவில்லை. அன்பைக் கற்றுக்கொள்ளத் தமக்கும் ஒரு சகோதரன் தேவை என்பதையே அவர் வாழ்வும் நிரூபிக்கிறது. துண்டும் தண்ணீரும் நம் கையில் இருக்கின்றன. கழுவவேண்டிய கால்களைத் தேடி வனாந்தரத்துக்குப் போகவேண்டியதில்லை.